எள்ளளவு குடலும் நூறு சீவலும்

எள்ளளவு குடலை நூறு சீவலாகச் சீவி, நூறாவது சீவலில் ஒரு பெண்ணின் உயிரைக் கண்டெடுத்தவர் ஏழுமலை. சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் காலை பஸ்ஸில் இதைக் கேட்காத கண்டக்டர் கிடையாது. நம்பிய கண்டக்டரும் கிடையாது.

ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தைந்து வருஷம் சதை சீவி ரிட்டயர் ஆனவரை, கை விசேஷத்துக்காகக் கான்ட்ராக்டில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். வாய் விசேஷத்துக்குப் பதாலஜி டாக்டர் ஹரிப்ரியா ஒரு கணக்கு வைத்திருந்தார்: ஏழுமலை சொல்வது எதுவானாலும் பத்தால் வகுக்கவேண்டும். பஸ்ஸில் ஐந்நூறு பேர் என்றால் ஐம்பது. மச்சான் வீட்டில் நாற்பது இட்லி என்றால் நாலு.

அந்த மே மாதம் தேன்மொழி வார்டில் கிடந்தாள். நகரிப் பக்கத்துக் கமலம்மாவின் மகள், ஸ்ரீ சிட்டியில் செல்போன் கம்பெனி வேலை. ரத்தப் புற்றுநோய்க்கு அண்ணன் பவன்குமாரின் எலும்பு மஜ்ஜையை ஏற்றி நாற்பது நாள் ஆகியிருந்தது. மஜ்ஜை பிடித்துக்கொண்டது. வயிறுதான் தண்ணீராய்ப் போய்க்கொண்டிருந்தது, நிற்கவில்லை. அண்ணனின் செல்கள் அவள் குடலைத் தாக்குகின்றன என்றால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டவேண்டும். வைரஸ் புகுந்திருந்தால் அதே மருந்து எமன். குடலிலிருந்து கிள்ளியெடுத்த எள்ளளவு சதைதான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

கமலம்மா லேப் வாசலை விட்டு நகரவில்லை.

“அண்ணன் ரத்தம் தங்கச்சிய அடிக்குமா சார்? ஒரு மொடக்கு தண்ணின்னாலும் அவளுக்கு வச்சிட்டுக் குடிக்கிறவன் அவன்.”

“அவன் செல்லுக்கு அது தெரியாதும்மா,” என்றார் ஏழுமலை. “தங்கச்சி வூடுன்னு அதுக்கு யாரு சொன்னது? வேத்து வூடுன்னு நெனச்சிக்கினு செவுத்த இடிக்கும். இடிக்குதா இல்லியான்னுதான் பாத்துக்கினு இருக்கோம்.”

முதல் சீவல்களில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கிள்ளலாமென்றால் ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைவு. கிள்ளினால் ரத்தம் நிற்காது. சதையைப் பதித்த மெழுகுக் கட்டியில் மிஞ்சியிருந்தது ஒரு நிழல்.

“அயிபோயிந்தி ஏழுமலைகாரு, முடிஞ்சுபோச்சு,” என்றார் ஹரிப்ரியா. “மெழுகுல ஒண்ணுமில்ல. சொல்ல முடியலைன்னு எழுதிடறேன்.”

“இன்னும் நூறு இருக்குது மேடம்.”

“அப்போ பத்து.”

“நூறு!”

“சரி, சீவுங்க. ஒவ்வொரு சீவலுக்கும் நானே நம்பர் போடறேன்.” பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க ஹரிப்ரியா பேனாவோடு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெயிலோ, ஏழு மலையும் உருகி ஆறாக ஓடும் வெயில். ஏ.சி. நின்றுபோய் மெழுகு அல்வாவாகக் குழைந்தது. குழைந்த மெழுகைச் சீவ முடியாது. ஏழுமலை கேட்டுக்கு ஓடினார். நன்னாரி சர்பத் வண்டிக்காரரிடம் ஐஸ் பாளம் வாங்கிவந்து கட்டியை அதன்மேல் உட்காரவைத்தார். ஃபேனை நிறுத்தினார். சீவும் மெஷினின் சக்கரத்தைச் சுற்றும்போது “கோவிந்தா” என்பார், பிறகு மூச்சு விடமாட்டார். விட்டால் சீவல் திருமலைக்கே பறந்துவிடும். தலைமுடி ஒன்றை இருபதாகப் பிளந்த கனம். வெந்நீரில் பாலாடையாக மிதந்ததைக் கண்ணாடித் துண்டுகளில் அள்ளி அள்ளி வைத்தார்.

கட்டியில் வெறும் மெழுகு மிஞ்சும்வரை சீவினார்கள். சாயம் ஏறியதும் ஹரிப்ரியா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை. கடைசிக் கண்ணாடிகளில், சுரப்பிக் குழிகளின் அடியில், செல்கள் பொரியாக வெடித்துச் சிதறிக் கிடந்தன. வைரஸ் புகுந்த செல் ஆந்தைக் கண்ணாக முழிக்கும். அந்த முழி எங்கேயும் இல்லை. வைரஸைக் காட்டும் தனிச் சாயத்திலும் ஒன்றும் ஏறவில்லை.

“அண்ணன் செல்லுதான் இடிக்குது,” என்றார் மெதுவாக. அன்று மாலையே மருந்து கூடியது. ஒன்பதாம் நாள் வயிறு அடங்கியது.

கார்த்திகையில் கமலம்மா ஒரு மூட்டையோடு வந்தாள். பின்னால் தேன்மொழி, வேகவைத்த வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டபடி.

“டாக்டரே துன்னலாம்னுட்டாரு சார்!”

கமலம்மா மூட்டையை இறக்கினாள். “நூறு சீவல்னு பஸ்ல சொன்னாங்க. அதான் நூறு கைப்பிடி கடல அளந்து எடுத்தாந்தேன். இதுக்கு மேல எங்களாண்ட இன்னா இருக்குது சார்?” ஏழுமலையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கமலம்மா ஹரிப்ரியா பக்கம் திரும்பினாள். “நூறுன்றது நெசந்தானே மேடம்?”

“இல்லம்மா. அவர் சொன்னது தப்பு.”

ஏழுமலையின் முகம் தொங்கியது. ஹரிப்ரியா கண்ணாடித் தட்டை எடுத்து, தன் கையெழுத்தில் இருந்த கடைசி நம்பரைக் காட்டினார்.

“நூத்திப் பன்னெண்டு.”

“நூத்திப் பன்னெண்டுன்னா எவன் மேடம் நம்புவான்?” என்றார் ஏழுமலை. “அதான் கொஞ்சம் கொறச்சிக்கினேன்.”

ஹரிப்ரியா சிரித்தபடி மூட்டையிலிருந்து ஒரு கடலையை எடுத்து உரித்தார்.

“நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனா பக்கத்துலயே உக்காந்து எண்ணினேனே! நடந்துச்சும்மா. வகுக்கவே வேணாம்.”