நான்கு மூலையும் காய வேண்டும்

மாடியை வாடகைக்கு எடுத்து விடுமுறையைக் கழித்துவிட்டுப் போன தம்பதி இணையத்தில் விமர்சனம் எழுதியிருந்தார்கள். வீடு அழகு, ஜன்னலில் தெரிகிற கடல் அழகு, வீட்டுக்காரர்கள் தங்கமான மனிதர்கள் என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் இரண்டே சொற்களில் எல்லாவற்றையும் கவிழ்த்திருந்தார்கள். ஈரப் படுக்கை.

சிட்டு அதைப் படிப்பதற்குள் மேலிடம் படித்துவிட்டது.

மேலிடம் என்றால் வேறு யாருமில்லை, சிட்டுவின் நாத்தனார்தான். பக்கத்து நகரத்தில் இருக்கிறாள். அப்பா விட்டுப்போன வீட்டில் அவளுக்குச் சரிபாதி. சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று கேட்டால்கூட சிட்டுவின் கணவன், "மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்பான். அப்படியே பெயர் நிலைத்துவிட்டது. நேரில் மட்டும் அண்ணி.

"ஏம்மா, வர்றவங்களை மெத்தையில படுக்க வைக்கிறியா, குளத்துல படுக்க வைக்கிறியா?" என்றது போன்.

"வெயிலே இல்ல அண்ணி. மழை விட்டாத்தானே..."

"அப்ப மழை மேல கேஸ் போடு. இங்க பாரு, ஒருத்தர் அட்டைப்பெட்டி அடுக்கிவைக்க நம்ம மாடியைக் கேட்கிறாரு. பெட்டிக்கு பெட்ஷீட் மாத்த வேண்டாம். பெட்டி விமர்சனமும் எழுதாது."

"ஒரு சீசன் பொறுங்க அண்ணி" என்று கெஞ்சினாள் சிட்டு.

"சரி. அடுத்த மாசம் நானே வந்து ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கறேன். முதுகுல சில்லுன்னு பட்டுச்சு, மறுநாளே பெட்டி வந்து இறங்கிடும்."

அந்த மாடி சிட்டுவுக்கு உயிர். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாமே யாரோ தொடங்கி யாரோ நடத்துகிற காரியமாகத்தான் இருந்தன. மாடி ஒன்றுதான் அவளாக யோசித்து, அவளே திரை தைத்து, அவளே கதவுக்கு மெருகு போட்டு நடத்துவது. அங்கே அட்டைப்பெட்டி ஏறுவதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுது முடித்தபின் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் சிட்டுவுக்கு வேலை ஓடும்.

சிக்கல் இதுதான். காலையில் ஒரு கூட்டம் கிளம்பும், மாலையில் அடுத்த கூட்டம் வந்து நிற்கும். நடுவில் துவைத்து, காயவைத்து, விரித்தாக வேண்டும். கூடுதலாகப் பெட்ஷீட் வாங்கி அலமாரியில் அடுக்கினால், அந்த ஊர் மழையில் அலமாரிக்குள் பூசண வாடை ஏறிவிடும். துணி உலர்த்தும் மெஷின் வைக்கலாமென்றால், பழைய வயரிங். சலவை மெஷினும் அதுவும் சேர்ந்து ஓடினால் வீடே இருட்டாகும்.

பெட்ஷீட் விஷயத்தில் அதுவரை நடந்த கூத்துகளும் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் வாங்கியது அவள் கணவன். பெரிய ஹோட்டல்களில் போடுவார்களே, தடித்து, பளபளவென்று, வெள்ளை வெளேரென்று, அந்த ரகம். காய்ந்திருக்கும்போது ராஜாதான். நனைந்துவிட்டாலோ கொடிக்கயிறே கும்பிடு போடும். மழைக்காலத்தில் அது காய்வதற்குள் விருந்தாளி வந்து, தங்கி, ஊருக்கே போய்விடுவார். அந்தத் தம்பதி படுத்துவிட்டுப் போனது அதில்தான்.

"பெரிய ஹோட்டல்ல எல்லாம் பெட்ஷீட்டே திருட்டுப் போகுமாம். அவ்வளவு நல்லா இருக்குமாம்" என்று அப்போது பெருமையடித்திருந்தான் கணவன்.

சிட்டு மாடியில் இழந்தவை ஸ்பூன், சோப்புப் பெட்டி, ஒருமுறை கால்மிதி. பெட்ஷீட்டை ஒருவரும் சீந்தவில்லை.

அவள் களத்தில் இறங்கினாள். துணிக்கடைக்குப் போய் ரகத்துக்கு ஒன்றாக வாங்கி வந்தாள். எல்லாவற்றையும் ஒன்றாகத் துவைத்து, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் கூரை போட்ட பின்கட்டில் கொடிகளில் வரிசையாகப் போட்டாள். அடுப்பில் ஒரு கண், கொடியில் ஒரு கண். கையால் தொட்டால் ஈரம் ஏமாற்றும் என்பது அவளுக்குத் தெரியும்; குளிர்ந்த துணியும் ஈரத் துணியும் விரலுக்கு ஒன்றுதான். ஆகவே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். கொடிக்குக் கொடி கன்னம் பதித்துக்கொண்டு போனவளைப் பார்த்துக் கணவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னை ஒருநாளாவது இப்படிக் கொஞ்சியிருக்கியா?"

"நீங்க என்னிக்குக் காஞ்சிருக்கீங்க? எப்பப் பார்த்தாலும் வேர்வை. போய்ப் படுங்க, உங்களுக்கும் வேலை இருக்கு."

அவன் வேலை தூங்குவது. காய்ந்த விரிப்பு ஒவ்வொன்றிலும் படுத்து எழுந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் அவன் கருங்கல் ஜல்லியைக் கொட்டிப் படுக்கச் சொன்னாலும் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிற ஆள். எதைக் கேட்டாலும், "நல்லாத்தான் இருந்துச்சு." வழவழப்பான பாலியெஸ்டர் ரகம் ஒன்று இருந்தது. உதறுவதற்குள் காய்ந்துவிட்டது. சிட்டு துள்ளிக் குதித்தாள். அன்று மதியம் அதில் படுத்தவன் முதுகெல்லாம் நனைந்து எழுந்து வந்து, "புழுங்குது. திரும்பினா சறுக்குது" என்றான். அவனே விழித்துக்கொண்டான் என்றால் அந்த விரிப்பு உலகத்தில் ஒருத்தருக்கும் ஆகாது. அது மேசைகளை மூடி வைக்கப் போயிற்று.

மிச்சமிருந்தவற்றில் மெல்லிய பருத்தி ஒன்று அவளுக்குப் பிடித்திருந்தது. சாதாரண நெசவு. வெளிச்சத்தில் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல் லேசாக நிழலாடும். ஆனால் இழை நெருக்கமாக இருந்ததால் இழுத்தாலும் தொய்ந்து போகவில்லை. பளபளப்பு கிடையாது. துவைத்த பிறகு இன்னும் மென்மையானது. நடுப்பகுதியில் கன்னம் வைத்தால் சுத்தமாகக் காய்ந்திருந்தது. சந்தோஷமாக மடிக்கப் போனவளின் கையில் மூலை தட்டுப்பட்டது. சொட்டச் சொட்ட ஈரம்.

மெத்தையைக் கவ்விப் பிடிப்பதற்காக மூலைகளில் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கியிருந்தார்கள். சுருக்கத்துக்குள் துணி மூன்று நான்கு அடுக்காகத் திரண்டு, காற்றே புகாமல் கிடந்தது. ஓரத்தில் அழகுக்கென்று அகலமாக மடித்துத் தைத்திருந்தார்கள்; அதிலும் ஈரம். கணவன் வாங்கிய வெள்ளை விரிப்புக்கும் இதே மாதிரி மூலைதான். சிட்டு அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை காலமும் அவள் நடுவில் தொட்டுப் பார்த்துவிட்டு விரித்துக்கொண்டிருந்தாள். மூலையை மெத்தைக்கடியில் தன் கையாலேயே செருகி மறைத்துக்கொண்டும் இருந்தாள். அந்த ஈரம் அங்கிருந்து மெதுவாக மெத்தையில் ஏறி, விருந்தாளியின் காலைத் தொட்டிருக்கிறது. மழைமேல் பழிபோட்டதெல்லாம் வீண்.

மறுநாளே அந்தப் பருத்தியை அகலத் துணியாக வாங்கித் தையல்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டாள்.

"எலாஸ்டிக் வேண்டாம்ணே. ஓரத்தை எவ்வளவு ஒல்லியா மடிக்க முடியுமோ அவ்வளவு ஒல்லியா மடிங்க. நாலு மூலையிலயும் நாடா வையுங்க. மெத்தைக்கு அடியில இழுத்துக் கட்டிக்கிறேன்."

தையல்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மெத்தைக்குப் பாவாடை கட்டப் போறீங்களாம்மா?"

"ஆமா. இடுப்பு அளவும் கொண்டுவந்திருக்கேன்" என்றாள் சிட்டு.

சொன்னபடி மேலிடம் மறுமாதம் வந்தது. சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு முற்பகலிலேயே வந்து நின்றது. வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. மாடியில் தங்கியிருந்தவர்கள் அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள். அவர்கள் படுத்திருந்த விரிப்பு மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது.

"சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள் நாத்தனார், குடையை உதறி. "இன்னிக்கு ராத்திரி எனக்கு இந்த பெட்ஷீட்தான். வேற எதையாவது எடுத்து விரிச்சு என் கண்ணுல மண்ணைத் தூவலாம்னு பார்க்காதே."

"இதையேதான் விரிக்கப்போறேன் அண்ணி."

பின்கட்டில் நாற்காலியைப் போட்டுக் கொடிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள் நாத்தனார். டீ அங்கேயே போயிற்று. சிட்டு விரிப்பை நான்காக மடித்துப் போடாமல் முழுசாக விரித்துத் தொங்கவிட்டு, சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். சிட்டுவின் கணவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, காற்று சரியில்லை என்று கண்டதும் கடைக்குப் போகிற சாக்கில் நழுவினான்.

நாத்தனார் அட்டைப்பெட்டிக்காரரின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல மனிதர், சத்தம் போடாதவர், ஸ்பூனைத் திருடாதவர். சாப்பாட்டுக்கு எழுந்து போனவள் திரும்பி வந்தபோது விரிப்பு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இஸ்திரி போட்டியா?"

"தொட்டுப் பாருங்க அண்ணி. சூடு இருக்கா?"

சூடு இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓரம் ஓரமாகத் தடவினாள் நாத்தனார். மூலையைப் பிடித்துக் கசக்கினாள். நாடாவை முறுக்கிப் பார்த்தாள். சிட்டு தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள், அவ்வளவுதான். நாத்தனார் முறைத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, குனிந்து கன்னத்தை வைத்தாள். சற்று நேரம் எடுக்கவில்லை.

"ம்" என்றாள். "படுத்தாத்தான் தெரியும்."

மறுநாள் காலை சிட்டுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாத்தனார் சூரியனை எழுப்பிவிடுகிற ரகம். எழுந்தால் வீட்டில் ஒருவரையும் படுக்க விடமாட்டாள். அன்று வெளிச்சம் வந்து, பால் காய்ந்து, காலைச் சாப்பாடே முடிந்துவிட்டது. மாடியில் சத்தமே இல்லை. "அக்காவுக்கு உடம்பு ஏதாவது..." என்று கணவன் படியில் கால் வைத்தபோதுதான் கதவு திறந்தது. கன்னத்தில் தலையணைத் தழும்போடு இறங்கி வந்தாள் நாத்தனார்.

"எப்படி இருந்துச்சு அண்ணி?"

"பரவால்ல" என்றாள். டாக்ஸி வரச்சொல்லி, தன் துணிப்பெட்டியைத் தம்பியிடம்கூடக் கொடுக்காமல் தானே மடியோடு அணைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

பரவால்ல என்றால் என்ன அர்த்தம்? மாடி இருக்கிறதா, போய்விட்டதா? சிட்டு படியேறினாள். திரை ஒழுங்காக விலக்கியிருந்தது. போர்வை அளவெடுத்தாற்போல் மடித்திருந்தது. தலையணைகள் இருந்தன. மெத்தை வெறும் மெத்தையாகக் கிடந்தது. கட்டிலுக்கடியில் பார்த்தாள், குளியலறையில் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். விரிப்பைக் காணோம்.

அப்படியே மெத்தையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அக்காவா? சேச்சே, அக்கா அப்படியெல்லாம் செய்யாது" என்றான் கணவன். சொல்லும்போதே அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் சிட்டுவே போன் செய்தாள். "அண்ணி, மாடியில ஒரு பெட்ஷீட்டைக் காணோம்."

"அதை எதுக்கு எங்கிட்ட கேட்கற?"

"கேட்கல அண்ணி. இதுவரைக்கும் ஒருத்தரும் எடுத்துட்டுப் போனதில்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை. சந்தோஷத்தை யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணிச்சு."

மறுமுனையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலிடம் பேசியது. "அந்த அட்டைப்பெட்டிக்காரரை வேற இடம் பார்த்துக்கச் சொல்லிட்டேன். மாடி உன் பாடு. இனி அதுல நான் மூக்கை நுழைக்கமாட்டேன்."

"சரிங்க அண்ணி." சிட்டு உச்சி குளிர்ந்துபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம்..." என்று இழுத்தது மேலிடம். "எங்க வீட்டுக் கட்டில் கொஞ்சம் அகலம். நாடா எட்டலை."

"அளவு சொல்லுங்க அண்ணி, தச்சு அனுப்பறேன்" என்றாள் சிட்டு.