இயந்திரம் கற்ற நடை

விழுந்து கிடந்தவரை விட்டுவிட்டு இயந்திரத்தைத்தானே முதலில் தொட்டுப் பார்த்தேன்.

ரத்தினவேலின் முன்னால் மண்டியிட்டிருந்த மதுமதிக்கு அந்த நினைப்பு முள்ளாகக் குத்தியது. போன வாரம் இதே ஆய்வுக்கூடப் படிக்கட்டில்தான். முதுகில் மணல் மூட்டையோடு அவர் ஏறினார். அவர் காலுக்கு மேல் மாட்டியிருந்த, மோட்டார் பொருத்திய இயந்திரக் கால் சட்டென்று மடங்கியது. அவர் "ஐயோ" என்று அலறியபோது அவள் ஓடிப்போய்த் தடவிப் பார்த்தது, இரும்பில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று.

ரத்தினவேல் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, இங்கே வாசலில் காவலுக்கு நிற்பவர். மலையில் சுமை தூக்கும் வீரர்களுக்காகச் செய்த கால்களைப் போட்டுப் பார்க்க ஆள் தேடியபோது, இந்த வடநாட்டு நகரத்தின் மோதி பாக்கில் பிறந்து வளர்ந்த பொறியாளர் மதுமதி தன் அரைகுறைத் தமிழில் அவரிடம் சொன்னாள்: "அண்ணே, ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?" அந்தத் தமிழுக்காகவே அவர் காலை நீட்டினார்.

இன்றும் நீட்டியிருந்தார், முழங்காலில் பேண்டேஜோடு.

"ஜல்தி, மது," என்றார் திட்டத்தின் தலைவர் ஜகந்நாதன். "டெமோ பார்க்க வந்த ராணுவத்துக்காரங்க டீ குடிச்சு முடிச்சுட்டாங்க."

"சார், முட்டி இன்னும் வீங்கியிருக்கு."

"ஒரு முட்டிதானே? இன்னொண்ணு இருக்கில்ல?" தானே சிரித்துக்கொண்டு ரத்தினவேலின் தோளில் தட்டினார். "என்னய்யா, குண்டுக்கே பயப்படாத ஆளு!"

ரத்தினவேலும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்?

கால் ஏன் மடங்கியது என்று மதுமதிக்குத் தெரியும். மாதக்கணக்கில் அதை மாட்டிக்கொண்டு வழவழப்பான தாழ்வாரத்தில் நடந்து காட்டியவள் அவள்தான். முதுகில் பெயருக்கு ஒரு பை. நிமிர்ந்த, ஒய்யாரமான நடை. இயந்திரம் கற்றுக்கொண்டது அந்த நடையை. நிஜமாகவே பாரம் சுமக்கிறவர் அடுத்த அடி வைக்கும் முன் முழங்காலைச் சற்று மடக்கித் தாங்குகிறார். உட்காரப் போகிறார் போலிருக்கிறது என்று எண்ணி இயந்திரம் பிடியை விட்டுவிடுகிறது. வாழ்நாளில் ஒரு மூட்டை தூக்கியிராதவளின் நடை, தூக்கியே தேய்ந்தவரைக் கீழே தள்ளியது.

நேற்றே ஜகந்நாதனிடம் சொன்னாள். இயந்திரத்துக்கு நடையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கச் சில மாதங்களாவது வேண்டும் என்றாள்.

"போன தடவை பாதிப் படி ஏறிட்டான். மீதிப் பாதிதானே பாக்கி?" என்றார் அவர்.

இப்போது குனிந்து அவள் காதோரம் சொன்னார்: "நீ கட்டினாத்தான் அவன் போட்டுக்குவான். அந்த 'அண்ணே'யைப் போடு, வேலை நடக்கும்."

நடக்கும். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்தச் சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கூப்பிட்டால் பழையபடி இனிமையாகவே வரும்.

ஜகந்நாதன் வாசல் பக்கம் எட்டிப் பார்க்கப் போனதும் ரத்தினவேல் தணிந்த குரலில் பேசினார்.

"கட்டும்மா."

"வேணாம். மறுபடி விழுவீங்க."

"விழுந்தா விழுறேன். இன்னிக்குப் போடலைன்னா கேட்டுக்கு வேற ஆள் வந்துடுவான்னு சாரு சொல்லிட்டாரு. இந்தக் காலை வச்சிக்கினு நான் வேற எந்த கேட்ல போய் நிக்கறது? சொல்லு."

காலைக் கெடுத்தாயிற்று. மாட்டேன் என்றால் பிழைப்பையும் கெடுத்ததாகும். அவர் முகத்தில் இருந்தது நம்பிக்கை இல்லை, கெஞ்சல். அதற்கு அடியில், இவளால்தானே என்ற வெறுப்பு. இனி அந்த 'அண்ணே'க்கு அவர் ஏமாற மாட்டார் என்பதால் அந்த வெறுப்பு அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் தொடையில் ஏற்கெனவே மாட்டியிருந்த பட்டையை மெதுவாக அவிழ்த்தாள்.

"என்ன பண்றே?" ஜகந்நாதன் திரும்பி வந்தார்.

"நான் கட்டலை, சார்."

"அப்ப வேற யாரு கட்டுவா, உங்கப்பனா?"

தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. ரத்தினவேல் தானே கட்டிக்கொள்ள அவசரமாகக் கையை நீட்டினார்.

பட்டையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, மதுமதி அதைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.