விருந்தாளி திறந்த தாழி

தெக்லேவின் பட்டம் வீட்டுக் கொல்லையில் கழுத்தளவு புதைந்திருந்தது. திராட்சைத் தோட்ட மேலாண்மையும் ஒயின் வணிகமும் என்று நீட்டி முழக்கும் ஆனர்ஸ் படிப்பில், அவளுடைய கடைசி ஆண்டு ஆய்வே அந்த மண்தாழிதான். அக்டோபரில் தோலும் விதையுமாகத் திராட்சையைப் போட்டு, மூடி, களிமண்ணால் பூசியிருந்தாள். ஏப்ரலில் தேர்வுக் குழுவின் கண்முன்னால்தான் திறக்க வேண்டும். அதற்கு முன் காற்றுப் பட்டால் ஒயின் காடியாகும், பட்டம் போகும். ஆலங்கட்டி மழை விட்டுவைத்த திராட்சை மொத்தமும் அதற்குள் இருந்தது. வீட்டின் மற்ற தாழிகளில் சிலந்திதான்.

மார்ச்சில் பேராசிரியர் நோதார் கள ஆய்வுக்கு வந்தார். தேர்வுக் குழுவின் தலைவர். பெயருக்கு முன்னால் உள்ளதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் இறைச்சி கருகிவிடும். கொடிகளைக் கார் கண்ணாடி வழியாகவே ஆராய்ந்து முடித்தார். கொடி விறகில் பன்றிக்கறி வேகும் மணம் வந்த பிறகுதான் இறங்கினார்.

எங்கள் காகேதி வட்டாரத்தில் விருந்தாளிக்கு ஒயினுக்குப் பதில் தண்ணீரை நீட்டிய வீடு பிறகு தலைநிமிர முடியாது. தெக்லேவின் அப்பா ஷல்வா மண்வெட்டியோடு கொல்லைக்கு நடந்தார்.

"அப்பா, வேண்டாம்ப்பா! அது என் பரீட்சைப்பா!"

"உன் வாத்தியாரு வந்திருக்காரும்மா. அவருக்கே இல்லைன்னா அப்புறம் என்ன பரீட்சை?"

அவள் பேராசிரியரிடம் ஓடினாள். "சார், நீங்களாவது சொல்லுங்க சார். பூச்சை உடைக்கக் கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதானே?"

"விதி விதிதான்," என்றார் அவர், நாப்கினைக் கழுத்தில் செருகியபடி. "ஆனா உங்கப்பா மனசு நோகக் கூடாதில்லையா? பண்பாடுன்னு ஒண்ணு இருக்கேம்மா. என் புத்தகத்துல மூணாவது அத்தியாயமே அதான்."

விருந்துத் தலைவராக அவரையே உட்கார வைத்தார்கள். தலைவர் வாழ்த்துச் சொல்லாமல் யாரும் குடிக்க முடியாது. சொல்லிவிட்டால் யாரும் குடிக்காமல் தப்ப முடியாது. சமாதானத்துக்கு வாழ்த்தினார். செத்தவர்களுக்கு, தாய்மார்களுக்கு, விஞ்ஞானத்துக்கு, விஞ்ஞானத்தைக் கட்டிக் காப்பவர்களுக்கு. ஒவ்வொரு வாழ்த்துக்கும் தெக்லே ஓடிப்போய்த் தாழியை மூடிக் களிமண்ணை அப்புவாள். களிமண் காய்வதற்குள் அடுத்த வாழ்த்து வந்துவிடும்.

"தெக்லேவின் ஒளிமயமான எதிர்காலத்துக்கு!" என்று அவர் ஒயின் நிரம்பிய கொம்பை உயர்த்தினார். அவளும் எழுந்து நின்று குடித்தாக வேண்டியிருந்தது. நல்ல ஒயின். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஏப்ரலில் குழு வந்தது. மூடியைத் தூக்கியதும் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். பாதித் தாழி, அதுவும் காடி.

"யாரு திறந்தது இதை?" என்றார் நோதார். நடிக்கவில்லை. விருந்தன்று அவரைத் தூக்கித்தான் காரில் போட்டார்கள்.

"சார், அன்னைக்கு..." தெக்லே வாயெடுத்தாள். அப்பா அவள் முழங்கையை அழுத்தினார்.

"விருந்தாளியைக் காட்டிக் குடுத்துடாதே கண்ணு," என்றார் காதோடு. "அப்புறம் நம்ம வாசலை எவன் மிதிப்பான்?"

"சொல்லும்மா, யாரு?"

"ஒரு... விருந்தாளி வந்திருந்தார் சார். கெஞ்சிக் கேட்டேன் சார். கேக்கலை."

"அறிவுகெட்ட விருந்தாளியா இருப்பான் போல! வேண்டாம்னு சொல்லத் தெரியலைன்னா நீ என்னம்மா வியாபாரம் பண்ணப் போறே? சரக்கைக் காப்பாத்தறதுதானே முதல் பாடம்?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். தேர்ச்சி இல்லை.

"மனசைத் தளர விடாதே," என்றார் நோதார், காரில் ஏறும்போது. "அடுத்த மார்ச்சுல நானே நேர்ல வந்து கண்காணிக்கிறேன்."

கார் மறையும்வரை ஷல்வா கையசைத்தார். "ஆட்டுக்கறி பிடிக்குமான்னு கேக்காம விட்டுட்டோமே," என்றார்.

தெக்லே மண்ணில் குப்புறப் படுத்து, தாழிக்குள் தலையை விட்டு அலறினாள். நல்ல தாழி. சத்தம் வெளியே கசியவே இல்லை.