கத்துகிற பெட்டியா, அடங்குகிற பெட்டியா

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல; அக்கா போனில் தந்தது. "நீதான் புஸ்தகமெல்லாம் எழுதுறியே, ரெண்டு கையேடு அனுப்புறேன், படிச்சு எது நல்லதுன்னு சொல்லு" என்றாள். கதை எழுதுகிறவனுக்குக் கருவியின் கையேடு புரியும் என்று நம்புகிற ஒரே ஜீவன் அவள்.

முதல் தொடக்கம்: "கடல் நீலமாக இருந்தது." அடித்துவிட்டேன். வேறு எப்படி இருக்கும்?

இரண்டாவது தொடக்கம்: "அத்தான் மீன் எண்ணுகிறவர்." இது உண்மை. இருக்கட்டும்.

2

அத்தான் மீன் எண்ணுகிறவர். ஆராய்ச்சி நிலையத்தில் அதற்குத்தான் சம்பளம். சாதாரண சிலிண்டரோடு இறங்கினால் குமிழி கொப்பளிக்கும், மீன்கள் ஓட்டம் பிடிக்கும். அதனால் அவர் மாட்டிக்கொள்வது மறுசுவாசக் கருவி. விட்ட மூச்சையே சுத்தம் செய்து, குறைந்துபோன ஆக்சிஜனை நிரப்பித் திருப்பித் தரும். எவ்வளவு நிரப்புவது என்று பார்த்துக்கொள்ள ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. பழைய பெட்டி மண்டையைப் போட்டுவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தக் கருவியில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது. சுகமாக இருக்குமாம். அப்படியே தூங்கிப் போய்விடலாமாம்.)

கடையில் இரண்டு பெட்டிகள். ஒன்று அழகி: வண்ணத் திரை, எச்சரிக்கை ஒலித்தால் ஒரே அழுத்தில் வாயை மூடிக்கொள்ளும். இன்னொன்று செங்கல் மாதிரி. ஆக்சிஜன் சரியாகும்வரை கத்தும். அடக்கப் பொத்தானே கிடையாது. அத்தானுக்கு அழகிதான் வேண்டும்.

"கத்துனா மீன் ஓடிடும்டி. அப்புறம் நான் எதை எண்ணுறது?"

"கரையில எத்தனை பேர் காத்திருக்கோம்னு எண்ணுங்க."

(இந்தப் பதில் என் கைச்சரக்கு. அக்கா உண்மையில் சொன்னது "உங்க இஷ்டம்." அவள் அப்படிச் சொன்னால் விவகாரம் பெரிது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அத்தானைத் தவிர.)

3

இங்கே எனக்கு அக்கா பாத்திரத்தின் மேலேயே சந்தேகம். அளவீட்டுக் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். அவளுக்கா என் யோசனை தேவை? கேட்டேன். அப்புறம்தான் சொன்னாள்.

செத்த பெட்டியைத் தூக்கிப் போடுமுன் அதன் நினைவகத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். போன மாதம் ஒரு நாள், ஆக்சிஜன் குறைகிறது என்று பெட்டி கத்தியிருக்கிறது. அத்தான் மூன்று முறை அடக்கியிருக்கிறார். நான்கு நிமிடம் கழித்து, அடைத்திருந்த ஆக்சிஜன் வால்வு தானாகத் திறந்துகொண்டது. அவர் பிழைத்தது அதனால்தான்.

அன்று அவர் கடலுக்குள் கணக்கு எழுதிய நனையாத தாளையும் தேடி எடுத்தாள். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. பிறகு நாற்பத்திரண்டு. மறுபடி நாற்பத்திரண்டு. ஆறு வரிக்கு அதேதான். கையெழுத்து கோணிக்கொண்டே போகிறது.

"அன்னைக்கு வந்து, 'இன்னைக்கு ரொம்ப ஜோரா இருந்துச்சு'ன்னு சொன்னாருடா. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்."

"அவர்கிட்ட சொல்லலியா?"

"வாயத் தொறந்தாலே அழுகை வருது. நீ எழுது."

4

முடிவு ஒன்று: அத்தான் மனம் மாறிச் செங்கலை வாங்குகிறார். அக்கா படித்துவிட்டு "அவரா?" என்று மட்டும் கேட்டாள்.

முடிவு இரண்டு: அக்கா அவருக்குத் தெரியாமல் செங்கலை மாட்டிவிடுகிறாள். "ஒளிச்சு மாட்டுன பெட்டிய நம்பி ஒரு மனுஷன் தண்ணிக்குள்ள இறங்கலாமாடா?" என்றாள். தொழில் தெரிந்தவள்.

முடிவு மூன்று: "அன்று படகு கரைக்குத் திரும்பியபோது, அக்கா

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

5

ஆகவே முடிவை வாசகரிடம் விடுகிறேன். இப்படிச் சொல்லிவிட்டு நழுவுவது கதை எழுதுகிற எங்கள் ஆட்களின் பழைய தந்திரம்தான். ஆனால் இதை நான் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. இதற்கு வாசகர் ஒரே ஒருவர்.

அத்தான், இதை உங்கள் மேசையில் வைத்தது அக்காதான். ஆர்டர் ஃபாரமும் அங்கேயே இருக்கும். பெட்டியின் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலி. அவள் அடுத்த அறையில் இருக்கிறாள். துணி மடிப்பதாகச் சொல்வாள், நம்பாதீர்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அத்தான். எழுதிவிட்டு அவளைக் கூப்பிடுங்கள்.