எந்தக் குழியில் எடுத்தது

“எங்க தோண்டுனீங்க மாமா? இடத்தைச் சொல்லுங்க.”

மஞ்சுளா கேட்டதும் தாய்மாமன் தனசேகரனின் கையிலிருந்த டீக்கோப்பை பாதி வழியில் நின்றது. ஞாயிறுதோறும் மெட்டல் டிடெக்டர் மிஷினைத் தூக்கிக்கொண்டு, மண்ணுக்குள் கிடக்கும் பழைய சாமான் தேடிப் போகிற கூட்டம் அவர்களுடையது. அங்கே எதை வேண்டுமானாலும் கேட்கலாம், குழியை மட்டும் கேட்கக் கூடாது. மஞ்சுளாவை முதன்முதலாகக் கூட்டிப் போனபோதே அவர் அதைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“தொல்லியல் படிச்சு முடிச்சதும் மரியாதையும் முடிஞ்சுபோச்சா?” என்று சிரித்தார் பீர் முகைதீன். கீழே டயர் கடையிலும் சரி, மண் தோண்டுவதிலும் சரி, மாமாவுக்குக் கூட்டாளி.



மேசை மேல் ஒரு தட்டு நிறையப் பித்தளை வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண், கயிறு கோக்க ஒரு துளை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த நாட்டுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்த தமிழ்க் கூலிகள் கழுத்தில் மாட்டியவை. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கோயிலுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லி, மாமா அவற்றைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். தங்கம் போல மின்னின. எடுத்த மண்ணின் தடயம் ஒன்றும் மிச்சமில்லை. தேய்க்க விட்டுப்போன ஒரே வில்லையை மஞ்சுளா ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். பச்சைக் களிம்புக்குள் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. ஓரத்தில் பச்சையேறிய எலும்புத் துண்டு ஒன்று.

“இது வழியில தவறி விழுந்த வில்லை இல்ல. ஒரு ஆளோட நெஞ்சுல கிடந்தது.”

“கோழி எலும்பா இருக்கும்,” என்றார் மாமா.

“கோழி சட்டை போடுமா?”

மஞ்சுளா தட்டை முகைதீன் பக்கம் நகர்த்தினாள்.

“குவியலாக் கிடந்துச்சா பாய், தனித்தனியாவா?”

“தனித்தனியாத்தான். கோடு போட்ட மாதிரி வரிசையா. ஒன்னுக்கும் அடுத்ததுக்கும் ரெண்டு முழம்...” சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அது பிணங்களைப் புதைத்த வரிசை.

“வாயை மூடுங்க பாய்!” மாமா எழுந்து கதவை மறித்து நின்றார். “நாளைக்கு அங்க லாரி வந்து மண்ணு கொட்டப் போகுது. குடோன் கட்டுறாங்க. இடுகாடுன்னு தெரிஞ்சா வேலை நிக்கும். யாரு சொன்னான்னு ராணுவத்துக்காரன் கேப்பான். இந்த மிஷினைப் பாத்தா கண்ணிவெடி வெக்கிறவன்னு சொல்லி அள்ளிட்டுப் போயிருவான். உங்கம்மாகிட்ட நீ பதில் சொல்லுவியா?”

அது வெறும் மிரட்டல் இல்லை. ஆற்றுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் டார்ச் லைட் வைத்திருந்தவனையே ராணுவம் இறக்கி இழுத்துப்போனதை அவள் பேருந்திலிருந்து பார்த்திருந்தாள். மாமாவின் பயம் நியாயமானதுதான். அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் கூடியது.

“உங்க பேரைச் சொல்ல மாட்டேன்.”

“குழியைச் சொன்னா பேரு தன்னால வரும்டி.”

மஞ்சுளா முகைதீன் பக்கம் திரும்பினாள். “நம்ம செத்துப்போனவங்க மேல லாரி ஏறப்போகுது பாய். நீங்களாவது சொல்லுங்க.”

முகைதீன் நண்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். “ஆத்துக்கு அக்கரைல, தன்லியின் ஊர்ல. பழைய எண்ணெய்த் தொட்டிங்களுக்குப் பின்னாடி, மேட்டுல.”

மாமா ஒரு கெட்ட வார்த்தையை விழுங்கினார்.

மஞ்சுளா வில்லையைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

“அதை வெச்சிட்டுப் போ.”

“தள்ளுங்க மாமா.”

“படிச்ச திமிரு!”

“ஆமா, திமிருதான். நம்ம குடும்பத்துலயே ஒருத்திக்குத்தான் வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.”

“தொல்லியல் ஆபீசுக்கா போற?”

“ஞாயித்துக்கிழமை எந்த ஆபீசு? தன்லியின்ல நம்ம ஆளுங்க வீடு வீடாப் போறேன். அவங்களே வந்து பாக்கட்டும். லாரி வரும்போது மேட்டுல அவங்க நிக்கணும்.” ஒரு கணம் அவள் குரல் இறங்கியது. “பொழுது சாயறதுக்குள்ள மிஷினை வீட்டை விட்டு எடுத்துருங்க மாமா. நான் போறது போறதுதான்.”

அவர் விலகவில்லை. அவள் அவருடைய தோளை இடித்துக்கொண்டு வெளியேறி, டயர் வாடை அடிக்கும் படிகளில் இறங்கி, தன்லியின் பேருந்து நிற்கும் பக்கம் நடந்தாள்.