அவன் மெஷினில் ஓடியது

"என் மெஷின்ல ஓடுதே, நிமியா!" என்றான் ஆர்செனியோ, ஜில்லென்ற தெரெரே மூலிகைத் தேநீரைக் குழலில் உறிஞ்சிக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அசுன்சியோன் நகரில் ஒரு பஸ் கம்பெனிக்கு, சீட்டு விற்கும் வலைப்பக்கத்தை நாங்கள்தான் செய்து கொடுத்திருந்தோம். பஸ் நிலையத்தில் இருந்ததோ பழைய கம்ப்யூட்டர், பழைய பிரவுசர். எந்த இருக்கை காலி என்று சர்வரிடம் கேட்க, புதிய பிரவுசர்களில் ஒரு வழி, அந்தப் பழசில் வேறு வழி. ஒன்று இல்லையென்றால் மற்றதைப் பிடி என்று நாலு வரி எழுதினால் தீர்ந்தது. அதை எழுத வேண்டிய ஆர்செனியோ துரை எழுதவில்லை. அங்கே பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. கவுன்ட்டர் அம்மாள் போனில் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டாள்.

"அந்த ஓட்டைப் பிரவுசரை அவங்க மாத்தட்டும். அதுக்கெல்லாம் நான் எழுத மாட்டேன்."

"மாத்திட்டாப் போச்சு," என்றேன்.

அவன் சாப்பிடப் போனதும் அவன் கம்ப்யூட்டரைக் கழற்றினேன். டாக்சியில் போட்டு பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் கவுன்ட்டரில் மாட்டினேன். அங்கிருந்த கிழட்டுப் பெட்டியைத் தூக்கிவந்து அவன் மேசையில் வைத்தேன்.

திரும்பி வந்தவன் பட்டனைத் தட்டு தட்டென்று தட்டினான். "என்ன எழவு இது? ஓடவே மாட்டேங்குது!"

போன் அடித்தது. கவுன்ட்டர் அம்மாள்தான். சீட்டு ஜோராக விற்கிறதாம். ரிசீவரை அவன் காதில் வைத்து அழுத்தினேன்.

"நீயே கேளு. உன் மெஷின்ல ஓடுதாம்."