கொடை ரோட்டில் ஏறுகிறவள்

...நாலு வந்துவிட்டது, ஐந்தாவது எங்கே போயிற்று, பூட்டு, வாழைப்பழம், குடை, ரயில், அப்புறம்... ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்லச் சொன்ன ஐந்து சொற்களுக்காக மேசைக்கு அந்தப் பக்கம் சுகன்யா காத்திருக்கிறாள், நல்ல பெண், எச்ஐவி மாத்திரை வாங்க வருகிற எல்லோரிடமும் முகம் பார்த்துப் பேசுகிற கவுன்சிலர், ஆனாலும் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைக்குப் போனதையும், மாத்திரையை ஒரே நாளில் இரண்டு தரம் போட்டதையும் இவளிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்று சர்புன்னிசாவுக்குத் தோன்றுகிறது. "அவசரமில்லம்மா, யோசிச்சுச் சொல்லுங்க." யோசித்தால் சொல் வருவதில்லை, பஸ்தான் வருகிறது, மதுரை பஸ், திண்டுக்கல்லில் இந்த மாத்திரை கிடைக்காத காலம், இருபது வருஷம் இருக்குமா, புருஷன் இஷாக் மௌத்தாகி, வீட்டோடு இத்தா இருந்த நாலு மாசம் பத்து நாள் முடிந்ததும் மாதாமாதம் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போனாளே, பக்கத்துச் சீட்டில் பையை வைத்து இடம் பிடிப்பாள், கொடை ரோட்டில் பொன்னழகு ஏறுவாள், விடிகாலையில் மல்லி பறித்த கையோடு, அவள் புருஷனும் இதே நோயில் போனவன்தான், உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "ஏத்தா சர்பு, இன்னைக்குச் சோத்துக்கு என்ன வெஞ்சனம்?" ஒருநாள் கேட்டாள், "எனக்கு அஞ்சு வருசந்தேன்னு சொல்லிட்டாக. ஒனக்கு?" "எனக்கும் அஞ்சுதான்." "அப்பச் சரி, அங்கயும் நீயே முன்னாடி போயி சீட்டுப் பிடிச்சு வையி." அன்று சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்... சொந்தக்காரர்கள் வீட்டில் தனித் தம்ளர் வைத்த வருஷங்கள் அவை, அதற்கா இந்த மனசு இப்படி ஏங்குகிறது?

"போதும்மா, நாலு சொன்னீங்கல்ல," என்கிறாள் சுகன்யா. "இத மறதின்னு மட்டும் சொல்ல முடியாது, மனசு சோந்துபோனாலும் இப்படி இருக்கும், டாக்டரும் ஒரு தடவ பாக்கட்டும். மனசு விட்டு யார்ட்ட பேசுவீங்க?" மகன் ஓசூரில், மருமகளுக்கு விஷயமே தெரியாது, வேறு யார், பொன்னழகு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது... பொன்னழகு போய் ஆறு வருஷம், அதுவும் இந்த நோயால் இல்லை, நெஞ்சுவலி, நேரில் போய் அவள் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு வந்தவள்தானே இவள், அது தெரியாமலா, நன்றாகத் தெரியும், ஆனால் இன்று காலை புளி கரைக்கும்போதும் உப்புப் போட்டேனா என்று அவளைத்தான் கேட்டாள், செத்த நேரம் பதிலுக்கு நின்றாளே, செத்துப்போனதை மறந்தா நின்றாள், இல்லை... சுகன்யா பேனாவைத் திறந்து வைத்திருக்கிறாள். "ஒருத்தி இருக்காம்மா," என்கிறாள் சர்புன்னிசா, "கொடை ரோட்டுப் பக்கம்." சுகன்யா எழுதிக்கொள்கிறாள். பொய் சொன்னதுபோல் இவளுக்கு இல்லை, அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.